விலை குறைந்த பழைய போர்தோ ஒயின் இன்னும் குடிக்கும் பதத்தில் இருக்கிறதா? பார்த்து, முகர்ந்து, சுவைத்துத் தெரிந்துகொள்ளும் வழி

வைக்க வைக்க ஒயின் சிறக்கும் என்ற பேச்சு பிரான்ஸின் போர்தோ பிரதேச ஒயினைப் பொறுத்தவரை பாதிதான் உண்மை. அந்தப் பெயரை அதற்கு வாங்கித் தந்தவை 1855-ல் தரவாரியாக வகைப்படுத்தப்பட்ட பெரிய ஷாத்தோக்கள், அதாவது ஒயின் தோட்டங்கள். இன்று அந்தப் பட்டியலில் இருக்கும் சிவப்பு ஒயின் தோட்டங்கள் 61 மட்டுமே. போர்தோ பிரதேசத்திலோ ஆயிரக்கணக்கான தோட்டங்கள் இருக்கின்றன. அங்கிருந்து வருவதில் பெரும்பங்கு, பிரான்ஸின் சூப்பர்மார்க்கெட்டுகளில் 5 யூரோவிலிருந்து 15 யூரோவுக்குள் கிடைக்கும் சாதாரண சிவப்பு. சில வருடங்களுக்குள் குடித்துவிட வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் அதைச் செய்கிறார்கள்.

வீடுகளில் மறந்துபோய்க் கிடப்பதும் பெரும்பாலும் இந்தச் சாதாரண பாட்டில்கள்தான். பிரெஞ்சுக் கடைகளின் செப்டம்பர் மாத ஒயின் விற்பனையில் ஆறு ஆறாக வாங்கிப் பெட்டி உடைக்காமல் விட்டது, வீட்டோடு சேர்ந்து கைக்கு வந்த நிலவறையில் இருந்தது, கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. பாரிஸிலிருந்து சூட்கேஸில் புதுச்சேரிக்கு வந்து, நல்ல நாளுக்காக அலமாரியிலேயே நின்றுகொண்டிருப்பதும் உண்டு.

இப்படி ஒரு பாட்டில் கையில் இருந்தால் இரண்டு தவறுகளில் ஒன்று நடக்கும். பத்து வருடம் ஆகிவிட்டது, கெட்டிருக்கும் என்று நல்ல ஒயினைத் தொட்டியில் ஊற்றிவிடுவார்கள். அல்லது பழைய போர்தோ ஆயிற்றே என்ற மரியாதைக்காக, செத்துப்போன ஒயினைக் கஷ்டப்பட்டுக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள். இரண்டுமே தேவையில்லை. ஆண்டை மட்டும் பார்த்தும் முடிவு செய்யக்கூடாது, முதல் வாயை வைத்தும் முடிவு செய்யக்கூடாது. கடைசிவரை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பழம், அதாவது ஒயினில் தெரியும் பழ மணமும் சுவையும், இன்னும் உயிரோடு இருக்கிறதா?

பயப்பட ஒன்றுமில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலம் கடந்த ஒயின் விஷமாகிவிடாது. ஆல்கஹாலும் புளிப்பும் இருப்பதால் நோய்க்கிருமிகள் அதில் வளர்வதில்லை. சுவை போகும், அவ்வளவுதான். ஆகவே தைரியமாக வாயில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் லேபிள்: இது எவ்வளவு காலத்துக்காகச் செய்யப்பட்டது?

லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் ஷாத்தோ பெயரைவிட, அடியில் சிறிதாக இருக்கும் பிரதேசப் பெயர் முக்கியம். வெறும் "போர்தோ" என்று மட்டும் இருந்தால், அறுவடை ஆண்டிலிருந்து மூன்று முதல் ஐந்து வருடம்தான் அதன் நல்ல காலம். நல்ல ஆண்டாக இருந்தால் ஏழெட்டு வரை போகும். "போர்தோ சுப்பீரியர்" கொஞ்சம் கடுமையான விதிகளின்படி செய்யப்படுவது. அதற்கும், கோத் து பூர், ப்ளாய், காஸ்தியோன் போன்ற வலது கரைச் சரிவுகளின் ஒயின்களுக்கும் ஐந்து முதல் எட்டு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல ஆண்டில், அக்கறையான தோட்டக்காரர் செய்ததாக இருந்தால், பத்துப் பன்னிரண்டு வரை நன்றாகவே நிற்கும். ஃப்ரோன்சாக், லாலாந்த் து பொமெரோல், மெதோக், ஓ-மெதோக் ஆகியவை அதற்கு ஒரு படி மேல். மெதோக் பக்கத்தில் "க்ரூ பூர்ஷ்வா" என்று போட்டிருந்தால் எட்டு முதல் பதினைந்து வருடம் வரை நம்பிக்கை வைக்கலாம். இந்தக் கணக்கெல்லாம் சரியாக வைத்திருந்த பாட்டிலுக்குத்தான். சமையலறை அலமாரியில் நின்றதற்குப் பாதிகூடத் தாங்காது.

இடது கரை, வலது கரை என்ற பேதமும் உதவும். கரோன் நதிக்கும் ஜிரோந்த் கழிமுகத்துக்கும் மேற்கே இருப்பது இடது கரை. சரளை மண், கபர்னே சோவின்யோன் திராட்சை அதிகம். அதற்குத் துவர்ப்பு அதிகம், மெதுவாகத்தான் முதிரும். தோர்தோன் நதிக்கு வடக்கே வலது கரை. அங்கே களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும், மெர்லோ திராட்சையும் ஆட்சி செய்கின்றன. மெர்லோ சதைப்பற்றானது, சீக்கிரம் பதத்துக்கு வரும். விலை குறைந்த போர்தோவில் பெரும்பாலானவற்றில் மெர்லோதான் கூடுதல். ஆகவே பொதுவாக இவற்றின் காலமும் குறைவு.

லேபிளில் சில வார்த்தைகள் ஏமாற்றும். "க்ரான் வேன் து போர்தோ" என்பது காதுக்குப் பெரிதாக இருக்கும், தரத்துக்கான சான்று ஆகாது. "சாந்த்-எமிலியோன் க்ரான் க்ரூ" என்பதைப் பார்த்துப் பலர் உச்சத் தரம் என்று நினைக்கிறார்கள். அது ஒரு பிரதேசப் பெயர் மட்டுமே. அதன் பின்னால் "க்ளாஸே" என்று சேர்ந்திருந்தால்தான் வகைப்படுத்தப்பட்ட தோட்டம். தங்கப் பதக்க ஸ்டிக்கர் இருந்தால், அந்த ஒயின் இளமையாக இருந்தபோது நன்றாக இருந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று அந்த நடுவர்கள் எதுவும் சொல்லவில்லை.

வெள்ளை ஒயின்கள் வேறு கதை. ஆந்த்ர-தே-மேர் போன்ற விலை குறைந்த உலர் வெள்ளை இரண்டு மூன்று வருடத்திலேயே தன் சுகத்தை இழந்துவிடும். சொத்தேர்ன் போன்ற இனிப்பு வெள்ளைக்குச் சர்க்கரையே காவல், அது பல பத்தாண்டுகள் நிற்கும். இனி வருவது எல்லாம் சிவப்புக்கு.

ஆண்டு

போர்தோ கடலோரப் பிரதேசம். வருடத்துக்கு வருடம் வானிலை மாறும், விலை குறைந்த ஒயினில் அந்த மாற்றம் அப்படியே தெரியும். பணம் உள்ள தோட்டம் மோசமான ஆண்டில் பழத்தைப் பொறுக்கி எடுத்துச் சமாளிக்கும். சிறிய தோட்டத்துக்கு அந்த வசதி கிடையாது.

2005, 2009, 2010, 2015, 2016 ஆகியவை நல்ல ஆண்டுகள், சாதாரண ஒயின்களும் உயர்ந்து வந்த ஆண்டுகள். இவற்றிலும் 2009 வெயில் ஆண்டு, பழம் கனிந்து சீக்கிரமே இனிமையாகிவிட்டது. 2010-ல் துவர்ப்பும் புளிப்பும் கூடுதல், ஆகவே நீண்ட ஆயுள். 2003-ல் ஐரோப்பாவையே வாட்டிய வெப்ப அலையால் புளிப்புக் குறைந்த ஒயின்கள் வந்தன. அந்த ஆண்டின் மலிவான பாட்டில்களிடம் இப்போது பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 2007 குளிர்ந்த, ஈரமான கோடை. 2013 அதைவிடக் கஷ்டமான ஆண்டு. பூக்கும் பருவத்திலேயே குளிரும் மழையும் பிடித்துக்கொண்டன. 2017-ல் ஏப்ரல் கடைசியில் விழுந்த உறைபனி பல தோட்டங்களின் விளைச்சலைக் கொண்டுபோய்விட்டது.

2013 என்று போட்ட வெறும் "போர்தோ" கையில் இருந்தால், அது முடிந்துவிட்டது என்ற எண்ணத்தோடு திறங்கள். 2010 காஸ்தியோன் என்றால், மேலே சொன்ன கணக்கைத் தாண்டியிருந்தாலும், ஓரளவு நம்பிக்கையோடு திறக்கலாம்.

எங்கே, எப்படிக் கிடந்தது?

ஆண்டைவிட இது பெரிய கேள்வி. 12 முதல் 14 டிகிரி வெப்பநிலை, 70 சதவீதம் அளவுக்கு ஈரப்பதம், வெளிச்சம் இல்லாத இடம், படுக்கை வாட்டில் கிடந்த பாட்டில்: இதுதான் நல்ல நிலவறை. 18 டிகிரியில் ஒரே சீராக இருந்தாலும் மோசமில்லை, கொஞ்சம் வேகமாக முதிரும், அவ்வளவுதான். ஒயினைக் கொல்வது ஏற்ற இறக்கம். பகலில் சூடாகி ஒயின் விரியும், கார்க்கைத் தள்ளும். இரவில் குளிர்ந்து சுருங்கும், காற்றை உள்ளே இழுக்கும். இது பல நூறு முறை நடந்தால் கார்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தோற்றுப்போகும். அதனால்தான் ஏசி இல்லாத அறையில், நம் ஊர் வெயிலில் இரண்டு கோடையைக் கண்ட பாட்டில், எந்த ஆண்டாக இருந்தாலும் சந்தேகத்துக்கு உரியது.

நின்ற வாட்டில் பல வருடம் இருந்திருந்தால் கார்க்கின் அடி காய்ந்து சுருங்கியிருக்கலாம். வாங்கியவரிடமோ கொடுத்தவரிடமோ இதையெல்லாம் கேட்க முடிந்தால் கேளுங்கள். முடியாவிட்டால் பாட்டிலே கொஞ்சம் சொல்லும்.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடியுங்கள்

போர்தோ பாட்டிலுக்கு நிமிர்ந்த தோள் உண்டு. ஒயின் மட்டத்தைப் படிக்க அதுவே அளவுகோல். பாட்டிலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருடப் பாட்டிலில் மட்டம் கழுத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் ஆனதில் கழுத்தின் அடிக்கு இறங்கியிருந்தால் அது இயல்பு. விலை குறைந்த ஒயினில் மட்டம் தோளின் நடுவுக்கு வந்திருந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. குறைந்த ஒயினின் இடத்தில் உட்கார்ந்திருப்பது காற்று.

அடுத்து, மூடியின் மேல் இருக்கும் உறை. அதைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் நல்லது, உள்ளே ஒயின் கசிந்து ஒட்டிக்கொள்ளவில்லை. சில உறைகள் முதலிலிருந்தே இறுக்கமாக இருக்கும் என்பதால், சுற்றவில்லை என்பதற்காகக் கைவிட வேண்டாம். ஆனால் உறையின் ஓரத்தில் பிசுபிசுப்போ, கழுத்தில் காய்ந்த ஒயின் வழிந்த கோடோ, மேலே முட்டிக்கொண்டு நிற்கும் கார்க்கோ இருந்தால் பாட்டில் சூடு கண்டிருக்கிறது.

பிறகு கழுத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து நிறத்தைப் பாருங்கள். பச்சைக் கண்ணாடி என்பதால் துல்லியமாகத் தெரியாது. ஆனாலும் சிவப்பா, பழுப்பா என்ற வித்தியாசம் தெரியும். லேபிளில் ஈரக் கறை, பூசணம் இருந்தால் கவலை வேண்டாம். நல்ல ஈரப்பதத்தில் இருந்ததற்கு அது அடையாளம்.

திறக்கும் முன்பும் திறக்கும்போதும்

பத்து வருடத்துக்கு மேற்பட்ட பாட்டிலை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்திருங்கள். நிறமிகளும் துவர்ப்புப் பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து கனமாகி, அடியில் மண்டியாகப் படியும். இது கெடுதல் இல்லை, ஒயின் முதிரும் முறையே அதுதான். கலங்கிய மண்டியோடு குடித்தால் கசக்கும், ஒயின்மேல் தவறான தீர்ப்புச் சொல்லிவிடுவோம். கார்க்கின் அடியில் கண்ணாடித்தூள் போல மின்னும் படிகங்கள் இருந்தால் அவை டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு. முற்றிலும் தீங்கற்றவை.

பரிமாறும் சூடு 16, 17 டிகிரி. அதற்கு மேல் போனால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், நல்ல ஒயினும் தளர்ந்ததுபோலத் தெரியும். 25 டிகிரி அறையில் இருந்த பாட்டிலை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாக இருக்கும்.

பழைய கார்க் இளகிப்போயிருக்கும். சாதாரண திருகியை நேராக, முழு ஆழத்துக்கு இறக்கி மெதுவாக இழுக்க வேண்டும். இரண்டு தட்டையான கால்கள் கொண்ட கார்க் எடுப்பான் இருந்தால் இன்னும் நல்லது. அது கார்க்கைத் துளைக்காமல் பக்கவாட்டில் பிடித்துத் தூக்கும். உடைந்து உள்ளே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. வாசனை இல்லாத சுத்தமான மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளலாம்.

வெளியே வந்த கார்க்கைப் பாருங்கள். அடியில் சில மில்லிமீட்டர் மட்டும் சிவந்திருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. பக்கவாட்டில் மேல்வரை ஒயின் ஏறிய கோடு இருந்தால் கசிவு. மேல்முனையில் கறுப்புப் பூசணம் இருந்தால் துடைத்துவிட்டு மறந்துவிடுங்கள். கார்க்கை முகர்ந்து பார்ப்பதில் பெரிய பலன் இல்லை. கார்க்கில் கார்க் வாசம்தான் வரும். கிளாஸில் ஊற்றியதைத்தான் முகர வேண்டும்.

நிறம்

பெரிய, மேலே குறுகிய கிளாஸில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, வெள்ளைக் காகிதத்துக்கு மேலே சாய்த்துப் பிடியுங்கள். நடுவிலும் பாருங்கள், ஓரத்திலும் பாருங்கள். இளம் போர்தோ கருஞ்சிவப்பு, ஓரத்தில் ஊதா. ஐந்தாறு வருடத்தில் ஊதா போய்விடும். அப்புறம் ஓரம் செங்கல் நிறத்துக்கு மாறும், நடு மாணிக்கச் சிவப்பாகவே இருக்கும். இதுதான் நல்ல முதிர்ச்சியின் நிறம். ஓரம், நடு என்ற வித்தியாசமே இல்லாமல் கிளாஸ் முழுக்கப் பழுப்பாகி, பளபளப்பும் போயிருந்தால் ஆக்சிஜன் தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம்.

நிறத்தை வைத்து மட்டும் தண்டனை கொடுக்காதீர்கள். வெளிறிய செங்கல் நிறத்தில் இருந்துகொண்டு அருமையாக மணக்கும் பாட்டில்கள் உண்டு. கருகருவென்று இருந்துகொண்டு உள்ளே வெறுமையாக இருப்பவையும் உண்டு. நிறம் ஒரு சாட்சி மட்டுமே. ஒன்றுதான் விதிவிலக்கு: அமைதியாக இருக்க வேண்டிய சிவப்பு ஒயினில் நுண்ணிய குமிழிகள் எழுந்து, கலங்கலும் இருந்தால், பாட்டிலுக்குள் மறுபடி நொதித்திருக்கிறது. அது வேண்டாம்.

மூக்கு: பாதித் தீர்ப்பு இங்கேதான்

முதலில் கிளாஸைச் சுழற்றாமல் முகருங்கள். பிறகு சுழற்றி முகருங்கள். இங்கே நிதானம் வேண்டும், ஏனென்றால் முதல் நிமிடத்தில் வரும் வாடைகளில் சில தானாகப் போகும், சில போகவே போகாது. எது எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அழுகிய முட்டை, எரிந்த தீக்குச்சி, ரப்பர், அடைத்துவைத்த அறை: இவை பல வருடம் காற்றே படாமல் இருந்ததால் வருபவை. பத்து இருபது நிமிடத்தில் பெரும்பாலும் கலைந்துவிடும். கிளாஸை நன்றாகச் சுழற்றிவிட்டுக் காத்திருங்கள். பழைய ஒயினை அநியாயமாகக் கொட்டவைப்பது பெரும்பாலும் இந்த வாடைதான்.

நனைந்த அட்டைப்பெட்டி, ஈரச் சாக்கு, பூசணம் பிடித்த நிலவறை: இது கார்க் நோய். ட்ரைக்ளோரோஅனிசோல் என்ற பொருள் காரணம். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். காற்று பட்டால் இன்னும் மோசமாகும். இதில் நுட்பமான ஒன்று இருக்கிறது. அளவு மிகக் குறைவாக இருந்தால் வாடை தெரியாது, பழ மணம் மட்டும் அடங்கிப்போகும். நாம் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். இரண்டாவது பாட்டிலைத் திறந்தால் உண்மை தெரியும்.

அடிபட்டுப் பழுத்த ஆப்பிள், அக்ரூட், ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் போன்ற மணம் வந்தால் ஆக்சிஜன் புகுந்துவிட்டது. காத்திருந்தாலும் மாறாது. வினிகர், அதோடு நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி வந்தால் பாக்டீரியாவின் வேலை. லேசாக இருந்தால் பழைய ஒயினில் மணத்தைத் தூக்கிக் கொடுக்கும், மூக்கைக் குத்தினால் முடிந்தது. வேகவைத்த பழம், கருகிய ஜாம், உலர்ந்த ப்ளம் மட்டுமே வந்தால் சூடு கண்ட ஒயின். வெப்பமான 2003 போன்ற ஆண்டிலும் இந்தச் சாயல் இருக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரை லாயம், வியர்த்த தோல் வார், பேண்ட்-எய்ட் வாடை ப்ரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்டால் வருவது. வயதுக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. கொஞ்சமாக இருந்தால் பிடிக்கும் என்பவர்கள் இருக்கிறார்கள். பச்சைக் குடைமிளகாய் மணமும் முதுமை இல்லை. பழுக்காத கபர்னேயின் பிறவிக் குணம் அது. 2013 போன்ற ஆண்டுகளில் அதிகம் தெரியும். வைத்திருந்தாலும் பெரிதாகப் போகாது.

இனி நல்ல பக்கம். தேவதாரு மரப்பெட்டி, புகையிலை, சுருட்டு டப்பா, பென்சில் சீவல், மழைக்குப் பிந்திய காட்டுத் தரை, காளான், பதப்படுத்திய தோல்: போர்தோ முதிரும்போது வர வேண்டிய மணங்கள் இவை. இவற்றுக்காகத்தான் மக்கள் காத்திருக்கிறார்கள். விலை குறைந்த ஒயினிலும் இவை வரும், சன்னமாக, கொஞ்ச நேரத்துக்கு. ஆனால் இவற்றுக்கு அடியில் கொஞ்சமாவது பழம் இருக்க வேண்டும். கறுப்புத் திராட்சையோ, உலர்ந்த செர்ரியோ, எதுவோ ஒன்று. வெறும் காய்ந்த இலையும் காளானும் மட்டும் இருந்தால் அது முதிர்ச்சியைத் தாண்டிய நிலை.

வாய்

ஒரு பெரிய வாய் எடுத்து, நாக்கு முழுவதும் படும்படி சில விநாடி வைத்திருந்து விழுங்குங்கள். மூன்று விஷயம் பாருங்கள்: பழம், புளிப்பு, துவர்ப்பு.

துவர்ப்பு என்பது அதிக நேரம் கொதித்த கறுப்புத் தேநீர் ஈறுகளில் விட்டுச்செல்லும் இழுப்பு. காலப்போக்கில் அது மென்மையாகும் என்பது சரிதான். ஆனால் அதற்குள் பழம் தாக்குப்பிடிக்க வேண்டும். பெரிய ஷாத்தோக்களின் ஒயினில் பழம் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால் துவர்ப்பு அடங்கும்வரை காத்திருக்கும். விலை குறைந்த ஒயினில் அந்த அடர்த்தி கிடையாது. விளைச்சல் அதிகம், கொடிக்கு வயது குறைவு, ஊறவைக்கும் காலமும் குறைவு. துவர்ப்பு இளகுவதற்கு முன்பே பழம் போய்விட்டால், மிச்சம் இருப்பது வறண்ட துவர்ப்பும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும் புளிப்பும்தான். இன்னும் ஐந்து வருடம் வைத்தாலும் அது சமநிலைக்கு வராது. "இன்னும் வைத்தால் இளகும்" என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பெட்டிகள் வீணாகின்றன.

இளமையில் வரும் துவர்ப்பையும் முதுமையில் வரும் வறட்சியையும் எப்படிப் பிரிப்பது? இளந்துவர்ப்பு ஈறுகளைப் பிடிக்கும், அதே நேரம் நாக்கின் நடுவில் சதைப்பற்றான பழம் நிற்கும். முதுமையில் நாக்கின் நடு காலியாக இருக்கும். வாயில் வைத்ததும் ஏதோ இருப்பதுபோலத் தோன்றி, நடுவில் ஒன்றும் இல்லாமல் போய், கடைசியில் கசப்போ புளிப்போ மட்டும் மிஞ்சும்.

விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதை கோதலி என்ற அளவில் சொல்வார்கள், ஒரு கோதலி ஒரு விநாடி. சாதாரண போர்தோவுக்கு நாலைந்து விநாடி போதும். எத்தனை விநாடி என்பதைவிட எந்தச் சுவை நிற்கிறது என்பது முக்கியம். பழமும் மர மணமும் நின்றால் ஒயின் உயிரோடு இருக்கிறது.

கடிகாரத்தைப் பாருங்கள்

முதல் வாயோடு முடிவு செய்யாதீர்கள் என்று சொன்னேன் அல்லவா? திறந்ததும் ஒரு வாய், கால் மணி நேரத்தில் ஒரு வாய், முக்கால் மணி நேரத்தில் ஒரு வாய். ஒயின் எந்தப் பக்கம் போகிறது என்பதே மிகப் பெரிய தடயம்.

சென்ற குளிர்காலத்தில் நாங்கள் திறந்த ஒரு 2009 காஸ்தியோனைச் சொல்கிறேன். மட்டம் கழுத்திலேயே இருந்தது, கார்க் முழுதாக வந்தது. முதல் முகர்வில் அடைத்த அறை வாடை. வாயில் புளிப்பு முன்னால் நின்றது, பழம் எங்கோ பின்னால். மேசையில் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். கால் மணி நேரத்தில் அந்த வாடை போய், உலர்ந்த ப்ளமும் சுருட்டு டப்பாவும் வந்தன. முக்கால் மணி நேரத்தில் துவர்ப்பு முற்றிலும் இளகி, நாக்கின் நடுவில் செர்ரி தெளிவாக நின்றது. வறுத்த ஆட்டிறைச்சியோடு அது அருமையான ஒயின். ஒன்றரை மணி நேரம் கழித்து அடிக் கிளாஸில் காளானும் புளிப்பும் மட்டும் மிச்சம். அதாவது எழுந்தது, நின்றது, விழுந்தது. அது சொன்ன செய்தி தெளிவு: இப்போது குடிக்க வேண்டிய ஒயின், மிச்சப் பாட்டில்களை அடுத்த ஆண்டுக்குத் தள்ளக்கூடாது.

திறந்ததும் நன்றாக இருந்து கால் மணி நேரத்திலேயே சரிந்தால், கடைசி மூச்சில் இருக்கிறது. உடனே குடித்துவிடுங்கள். ஏறிக்கொண்டே போய் மறுநாளும் நன்றாக இருந்தால், மிச்சப் பாட்டில்களுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் தாராளமாக உண்டு. இதைச் சோதிக்கப் பாதிப் பாட்டிலைக் கார்க் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். முக்கால் மணி நேரம் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லாமல் முதலில் இருந்த அதே வெறுமை என்றால் எழாது.

இதனால்தான் பழைய மலிவான போர்தோவை மணிக்கணக்கில் டிகேன்டரில், அதாவது காற்றுப் படுவதற்கான அகன்ற கண்ணாடிக் குடுவையில், ஊற்றிவைக்காதீர்கள் என்கிறேன். இளம் ஒயினுக்கு அது சரி. பழசுக்கு இருக்கும் கொஞ்ச நேரத்தையும் அது எடுத்துவிடும். மண்டி இருந்தால், குடிக்கும் நேரத்தில் பாட்டிலின் கழுத்துக்கு அடியில் வெளிச்சம் வைத்துக்கொண்டு ஒரே சீராக ஊற்றுங்கள். மண்டி கழுத்தை நெருங்கும்போது நிறுத்திவிடுங்கள்.

சாப்பாட்டோடும் ஒரு முறை சுவைத்துப் பாருங்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் உப்பும் துவர்ப்பை அடக்கும். தனியாகக் குடிக்கும்போது மெலிந்து தெரிந்த ஒயின், காளான் ஆம்லெட்டோடோ வறுத்த கோழியோடோ கௌரவமாக நிற்கும். கொங்தே போன்ற முதிர்ந்த கெட்டிச் சீஸும் உதவும். காரமும் புளியும் மிகுந்த குழம்பு இந்த வயது ஒயினுக்கு ஆகாது, மிச்சம் இருக்கும் சன்னமான மணத்தை மூடிவிடும். ஆக்சிஜன் தின்ற ஒயினை எந்த உணவும் காப்பாற்றாது.

பெட்டியில் மிச்சம் இருப்பவை

ஒரு பாட்டில் என்றால் குடித்தோம், கொட்டினோம் என்று போகலாம். ஒரே ஒயின் ஆறோ பன்னிரண்டோ இருந்தால் இந்தச் சோதனை எல்லாமே மிச்சத்துக்காகத்தான். முதல் பாட்டில் கார்க் நோய் என்றால் அது அந்த ஒரு கார்க்கின் தவறு. மற்றவை நன்றாக இருக்கலாம். முதல் பாட்டில் ஆக்சிஜனில் போயிருந்து, மட்டமும் இறங்கியிருந்தால், மட்டம் சரியாக இருக்கும் இன்னொன்றைத் திறந்து பாருங்கள். ஆனால் கார்க் நன்றாக இருந்து, மட்டமும் சரியாக இருந்து, வாயில் பழமே இல்லை என்றால் பெட்டி முழுவதும் அப்படித்தான். இரண்டாவதையும் திறந்து உறுதி செய்துகொண்டு, மற்றவற்றுக்காக நல்ல நாள் பார்ப்பதை நிறுத்திவிடலாம்.

நன்றாக இருந்தால், திறந்த தேதியையும் இரண்டு வரிக் குறிப்பையும் பெட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அடுத்ததைத் திறக்கும்போது ஒப்பிட அதுதான் இருக்கும். இணையத்தில் அதே ஷாத்தோ, அதே ஆண்டுக்கு மற்றவர்கள் சமீபத்தில் எழுதியதைப் பார்ப்பதும் நல்லது. ஆனால் அவர்கள் நிலவறை வேறு, உங்கள் அலமாரி வேறு.

மட்டம் தாழ்ந்த பாட்டில்களை முதலில் திறக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பெட்டியில் இருப்பவற்றை வரிசையாக நிறுத்தி, மட்டம் குறைவாக இருப்பதை முன்னால் வையுங்கள்.

போய்விட்டதை என்ன செய்வது

பழம் மங்கி, புளிப்பு மட்டும் மிஞ்சிய ஒயின் சமையலுக்கு நன்றாகவே உதவும். போர்தோவின் சொந்த சாஸ் இருக்கவே இருக்கிறது. சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வெண்ணெயில் வதக்கி, ஒயின் ஊற்றி, தைமும் பிரிஞ்சி இலையும் போட்டு, கால் பங்காகச் சுண்டவிட்டு, இறைச்சிச் சாறும் மாட்டு எலும்பின் மஜ்ஜையும் சேர்ப்பார்கள். சுண்டும்போது புளிப்பும் கூடும் என்பதால், ஒயின் ஏற்கெனவே புளித்திருந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுங்கள்.

கார்க் நோய் வாடை வரும் ஒயினை மட்டும் சட்டியில் ஊற்றாதீர்கள், அந்த வாடை சாப்பாட்டிலும் ஏறக்கூடும். வினிகர் நெடி ஏறிவிட்டதை வினிகராகவே ஆக்கலாம். மூன்று பங்கு ஒயினுக்கு இரண்டு பங்கு கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், கடையில் கிடைக்கும் வடிகட்டாத வினிகர் கொஞ்சம், அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடி, மேலே துணி. வெயில் படாத இடத்தில் இரண்டு மூன்று மாதம். அதற்குள் மேலே ஏடு கட்டி, புளிப்பு ஏறியிருக்கும்.